சீராக வந்த ஆயில்

என் அண்ணன் எனக்குச் சீராகக் கொண்டுவந்தது இன்ஜின் ஆயில். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு என் மாமியாரும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டுதான் நின்றார். மொத்தம் ஏழு தட்டு. வாழைப்பழம், தேங்காய், வெற்றிலை பாக்கு, மல்லிகைப்பூ, எனக்குச் சேலை, என் வீட்டுக்காரருக்கு வேட்டி சட்டை. ஏழாவது தட்டில் பத்து லிட்டர் ஆயில் கேன், மூடிக்குக் கீழே மூன்று இடத்தில் மஞ்சளும் குங்குமமும் வைத்து. ஆறு தட்டை அண்ணியும் சொந்தக்காரப் பெண்களும் ஏந்திவந்தார்கள். ஏழாவதை அண்ணனே தூக்கிவந்தார். தெருவே வாசலில் வந்து நின்று பார்த்தது.

"ஆயிலை எல்லாமா சீர்ல வப்பாக?" என்று மாமியார் என் காதில் கேட்டார்.

"மெக்கானிக்கு வேற எதை வப்பாரு?" என்றேன். வாய்தான் அப்படிச் சொன்னது. அந்தக் கேனில் இருந்தது எங்கள் வண்டிக்கு ஆகாத ஆயில். அந்தத் தெருவில் அது எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்.

வண்டி நாங்கள் இரண்டாம் கையாக வாங்கியது. மூன்று வருஷம் ஓடிய டீசல் மினி லாரி, புகை விதி மாறிய பிறகு வந்த புது மாதிரி இன்ஜின். எங்கள் ஊர் சித்தையன்கோட்டைக்குப் பக்கம். ஆத்தூர் வட்டாரத்துத் தேங்காயையும் காய்கறியையும் ஏற்றிக்கொண்டுபோய் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் இறக்குவதுதான் இவருக்குத் தொழில். எங்கள் பக்கம் பழைய வண்டி வாங்கினால், விற்றவன் ஊற்றிய ஆயிலோடு யாரும் ஓட்டமாட்டார்கள். வாங்கிய வாரமே அதை இறக்கிவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். அடுத்தவன் கண்ணும் பீடையும் அந்த ஆயிலோடு போய்விடும் என்று ஒரு நம்பிக்கை. என்ன கண்றாவியை ஊற்றி வைத்திருந்தானோ என்கிற பயமும்தான். அண்ணனுக்குத் திண்டுக்கல் பைபாஸில் ஒர்க்‌ஷாப். தங்கச்சி வண்டிக்கு முதல் ஆயில் பிறந்த வீட்டிலிருந்துதான் வரவேண்டும் என்று அவராகவே ஒரு முறையை உண்டாக்கிக்கொண்டார்.

இந்த ஆயில் வேண்டாம் அண்ணே என்று வாசலிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அண்ணன் என் வீட்டுப் படி மிதித்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. முன்பு எங்களிடம் ஒரு பழைய லாரி இருந்தது. அண்ணன் இன்ஜின் வேலை பார்த்துக் கொடுத்த மூன்றாம் மாதம், ரெட்டியார்சத்திரம் தாண்டி நடுரோட்டில் அது இறுகி நின்றுவிட்டது. ஆயில் விளக்கு எரிந்ததைக் கண்டுகொள்ளாமல் இவர் பத்துக் கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறார். அதை என்னிடம் மட்டும் ஒருநாள் ஒப்புக்கொண்டார். ஆனால் மார்க்கெட்டில் பத்துப் பேர் முன்னால் என்ன சொன்னார் தெரியுமா? "எங்க மச்சான் கை வச்சா வண்டி நேரா சுடுகாட்டுக்குத்தான்" என்று. அது அண்ணன் காதுக்குப் போக அரை மணி நேரம் ஆகவில்லை.

அதோடு வரத்துப் போக்கு நின்றது. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எனக்குப் பிறந்த வீடு என்றால் அண்ணன் ஒருவர்தான். அந்த நான்கு பொங்கலுக்கும் சீர் மட்டும் வந்தது, பஸ்ஸில். அரிசியும் வெல்லமும் சாக்கில் கட்டி, மேலே என் பெயர் எழுதி, கண்டக்டர் கையில் கொடுத்து அனுப்புவார். நான் ஸ்டாப்பில் நின்று வாங்கிக்கொண்டு வருவேன். வரும் வழியெல்லாம் அழுகையாக வரும். இப்போது புது வண்டி வாங்கியதும் இவரே இறங்கிவந்து அண்ணனுக்குப் போன் செய்தார். அதனால்தான் அந்த ஏழு தட்டு. அதில் ஒன்றைத் திருப்பினால் மறுபடியும் சீர் பஸ்ஸில்தான் வரும்.

வண்டியின் காகிதம் எல்லாம் என் பொறுப்பு. இன்சூரன்ஸ், பெர்மிட், எஃப்.சி. என்று எதுவானாலும் இவர் என் முன்னால் போட்டுவிட்டுப் போய்விடுவார். சீருக்கு இரண்டு நாள் முன்னால் டேஷ்போர்டுப் பெட்டியைத் துடைத்தபோது கம்பெனிப் புத்தகம் கிடைத்தது. விற்றவர் பிரித்தே பார்க்கவில்லை, பக்கமெல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆயில் பக்கத்தில் 10W-30 என்று போட்டு, சாம்பல் குறைவான வகை மட்டும்தான் ஊற்ற வேண்டும் என்று கட்டம் கட்டியிருந்தார்கள். முன்னால் உள்ள எண் குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதற்கு. சின்ன எண் என்றால் சீக்கிரம் ஓடும். பின்னால் உள்ளது சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. இந்த மாதிரி இன்ஜினுக்குள் இடைவெளி எல்லாம் மயிரிழைதான். கெட்டி ஆயில் அங்கே போய்ச் சேரத் தாமதமாகும். சேரும்வரை இரும்பும் இரும்பும் உரசும். புகைக் குழாயில் ஒரு வடிகட்டி வேறு இருக்கிறது. சாம்பல் கூடின ஆயில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துவிடும். அப்புறம் வண்டி இழுக்காது.

அன்றைக்கே அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"இருக்கிறதுலயே கெட்டி ஆயிலா வாங்கி வச்சிருக்கேன் தாயி. இருபது ஐம்பது. அஞ்சு வருசத்துக்கு இன்ஜின் பத்திப் பேச்சே இருக்காது" என்றார்.

"அண்ணே, புத்தகத்துல பத்து முப்பதுன்னு போட்டிருக்கே."

"புத்தகம் எழுதுனவன் சித்திரை வெயில்ல தேங்கா லோடு ஏத்திட்டு ஒட்டன்சத்திரம் போயிருக்கானா? பத்து முப்பதுன்னா தண்ணியா ஓடும். அதைப் போயி என் தங்கச்சி வண்டிக்கு ஊத்தவா?" என்றார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "எனக்குத் தெரியாதா தாயி?" என்றார்.

சரி அண்ணே என்று போனை வைத்துவிட்டேன். எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு ஒர்க்‌ஷாப்பில் கிரீஸ் துடைக்கப் போனவர் அவர். நான் காலேஜ் போய் இங்கிலீஷ் புத்தகம் வாசிக்கிற அளவுக்கு வந்தது அந்தச் சம்பளத்தில்தான். அவர் சொன்னதும் பொய்யில்லை. தேய்ந்த பழைய இன்ஜினுக்குக் கெட்டி ஆயில்தான் உயிர். முப்பது வருஷமாக அவர் கைக்கு வந்தது அம்புட்டும் பழைய இன்ஜின். ஒரு சொட்டு ஆயிலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்து, இன்ன நம்பர், இவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த மனுஷனிடம் போய்ப் புத்தகத்தை நீட்ட எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆக, சீர் அன்றைக்கு அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தார். பழைய ஆயிலை இறக்கினார், ஃபில்டரை மாற்றினார். எழுந்து வந்து, முதல் ஊற்று என் கையால்தான் ஊற்ற வேண்டும் என்று கூப்பிட்டார். ஊற்றினேன். தேன் மாதிரி மடிந்து மடிந்து இறங்கியது. தெரிந்தேதான் ஊற்றினேன், அதை மறைக்க விரும்பவில்லை. எட்டரை லிட்டர் உள்ளே போனது. ஒன்றரை லிட்டர் மிச்சம் இருந்த கேனை, "வச்சுக்க, குறைஞ்சா ஊத்திக்கலாம்" என்று என்னிடமே கொடுத்தார்.

"ஒரு மாசம் ஓடட்டும் மாப்ளே. ஆயில் செட் ஆயிரும், அப்புறம் பாருங்க" என்று இவரிடம் சொன்னார்.

"நீங்க பாத்தா சரியாத்தான் இருக்கும் மச்சான்" என்று இவரும் சொன்னார். நான்கு வருஷம் கழித்து இருவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிட்டார்கள். அண்ணி எனக்கும் இலை போட்டு, தொட்டுக்க வெஞ்சனம் எல்லாம் வைத்தார். நான் சோற்றை அளைந்துகொண்டிருந்தேன்.

கார்த்திகை எப்படியோ ஓடியது. மார்கழி பிறந்ததும் ஆரம்பித்தது. ஆத்தூர் டேம் பக்கமிருந்து காற்று அடித்தால் எங்கள் ஊரில் விடியற்காலையில் பல் தந்தியடிக்கும். இவர் ஐந்தரைக்கு வண்டியை எடுப்பார். நான் வாசலில் கோலத்துக்குப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தேன். சாவியைத் திருப்பியதும் கட கட கடவென்று ஒரு சத்தம். பத்து எண்ணுவதற்குள் அடங்கிவிட்டது.

"என்ன சத்தம் இது?" என்று தலையை வெளியே நீட்டிக் கேட்டார்.

"குளிருக்கு அப்படித்தாங்க இருக்கும்" என்றேன். கூசாமல் வந்தது பொய்.

அன்றிலிருந்து அந்தப் பத்து எண்ணிக்கைக்காகவே எழுந்தேன். வண்டி கிளம்பும்வரை வாசலை விட்டு உள்ளே போகவும் முடியாது, கிட்டே போய்க் கேட்கவும் முடியாது. மாவும் கையுமாகக் குனிந்தபடி எண்ணுவேன். பத்து பன்னிரண்டு ஆனது. குளிர் கூடின நாளில் பதினைந்து ஆனது. ஒவ்வொரு எண்ணுக்கும் உள்ளே எங்கேயோ தேய்கிறது என்று தோன்றும். என் கோலமெல்லாம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. "மார்கழி பூரா உனக்குப் புள்ளி எண்ணத் தெரியாமப் போச்சா?" என்று மாமியார் கேட்டார்.

ஒருநாள் இவர் மார்க்கெட்டிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்ததுமே, "டீசலும் கூடக் குடிக்குது. எனக்கு அந்த ஆயில் மேலதான் சந்தேகம். பொங்கல் கழிச்சுக் கம்பெனி ஒர்க்‌ஷாப்புல விடப்போறேன். அவன் பாத்துச் சொல்லட்டும், அப்புறம் இருக்கு உங்க அண்ணனுக்கு" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு தெளிச்சி தெரிந்தது. பழைய லாரிக்கும் சேர்த்து நியாயம் கிடைக்கப்போகிற சந்தோஷம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையில் இருந்த கரண்டியைச் சட்டியில் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டேன்.

யாரிடம் சொல்வது? இவரிடம் சொன்னால் அன்றைக்கே மார்க்கெட்டுக்குத் தெரிந்துவிடும். அண்ணனிடம் மறுபடி சொன்னால், உன் ஆயிலால் என் இன்ஜின் கெடுகிறது என்று தங்கச்சியே சொன்னதாகிவிடும். அவர் ஆயிலை மாற்றிக் கொடுப்பார், அதற்குப் பிறகு இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார். பேசாமல் இருந்தால் இன்ஜின் போகும். கம்பெனிக்காரன் சொன்னதும் அண்ணனும் போவார். இரண்டு ஆம்பளைகளுடைய வீம்புக்கு நடுவில் என்னைக் கொண்டுபோய்ச் சொருகிவிட்டு இரண்டு பேரும் நன்றாகத் தூங்கினார்கள். அடுப்படியில் நின்றாலும் துணி துவைத்தாலும் அந்தக் கட கட கூடவே வந்தது.

கடைசியில் பொங்கல் சாமான் வாங்கப்போவதாகச் சொல்லி ஒட்டன்சத்திரத்துக்குப் பஸ் ஏறினேன். பக்கத்தில் இருக்கிற திண்டுக்கல்லை விட்டுவிட்டு அம்புட்டுத் தூரம் ஏன் போனேன் என்றால், திண்டுக்கல்லில் ஆயில் விற்கிற அத்தனை பேருக்கும் நான் மெக்கானிக் தங்கச்சி. நான் வீடு வந்து சேருமுன் அண்ணனுக்குப் போன் போயிருக்கும்.

"ஏனுங்க, எந்த வண்டிக்குங்க?" என்றார் கடைக்காரர். போனில் எடுத்திருந்த புத்தகப் பக்கத்தைக் காட்டினேன். அவர் அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "சரியாத்தானுங்க கேக்கறீங்க. வூட்டுக்காரர் வரலீங்களா?" என்றார்.

"வண்டிக்காரியே நான்தான்" என்றேன். எரிச்சலில் வந்த பேச்சு அது. பத்து முப்பது ஆயிலும் ஒரு ஃபில்டரும் வாங்கி அரிசிச் சாக்கில் போட்டுக் கட்டினேன். திரும்பி வரும்போது கண்டக்டர் சாக்கைத் தூக்கி ஓரமாக வைத்தார். பொங்கல் சாக்கைப் பஸ்ஸில் கொண்டுவருவது எனக்குப் பழக்கம்தானே.

அந்த வாரமே வேடசந்தூர்ப் பக்கம் சொந்தத்தில் ஒரு சாவு, கேதத்துக்குப் போக வேண்டியிருந்தது. இவரும் மாமியாரும் காலையிலேயே பஸ்ஸில் போனார்கள். எனக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டேன். அதுவும் பொய்யில்லை. வண்டியைக் கால் மணி நேரம் ஓடவிட்டு நிறுத்தினேன். சூடு இருந்தால்தான் ஆயில் முழுக்க இறங்கும். அதுவும் அண்ணனைப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான். பழைய நைட்டியைப் போட்டுக்கொண்டு அடியில் படுத்தேன். போல்ட் லேசில் வரவில்லை. அண்ணன் கை முறுக்கிய முறுக்கு. ஸ்பேனரில் காலை வைத்து உதைத்துத்தான் கழற்றினேன். பெயின்ட் வாளியில் கருகருவென்று இறங்கியது அவருடைய ஆயில். ஒன்றரை மாதம் ஓடியும் விரலில் கெட்டியாகத்தான் நின்றது. படுத்த வாக்கில் அழுதேன். யாரும் இல்லாததால் சத்தமாகவே அழுதேன்.

ஃபில்டரை மாற்றி, புதிதை ஊற்றி, அளவு பார்த்து மூடினேன். இறக்கியதைக் கீழே கொட்ட மனசு வரவில்லை. குங்குமம் வைத்துக் கொண்டுவந்தது. அந்தக் கேனிலேயே, மிச்சம் இருந்த ஒன்றரை லிட்டரோடு சேர்த்து ஊற்றினேன். கழுத்துவரை நிறைந்துவிட்டது. கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் வைத்துச் சாக்கைப் போட்டு மூடினேன். சாணியும் சீயக்காயும் போட்டுக் கையைத் தேய்த்தேன், நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை. பாத்திரம் கரி பிடித்திருந்தது என்று மாமியாரிடம் சொன்னேன்.

மறுநாள் விடியற்காலை சாவியைத் திருப்பினார். ஒன்று எண்ணுவதற்குள் வண்டி அமைதியாக உறுமிக்கொண்டு நின்றது. நான்கு நாள் பார்த்துவிட்டு இவர் சொன்னார், "மச்சான் சொன்ன மாதிரியே ஆயில் செட் ஆயிருச்சு பிள்ள. கம்பெனிக்கு எல்லாம் போக வேணாம்." நான் ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது?

பொங்கலுக்கு அண்ணன் நேரிலேயே சீர் கொண்டுவந்தார். ஐந்தாவது வருஷம் சீர் பஸ்ஸில் வரவில்லை. கடை லோடு ஆட்டோவைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டார். தெரு முழுக்கக் கோலம், மேலே ஏற்றக் கூடாது என்று. கரும்புக் கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு கோலத்துக்குக் கோலம் விலகி நடந்துவந்தார். இவர் எதிரே ஓடிப்போய் வாங்கிக்கொண்டார்.

"மச்சான், நீங்க ஊத்துன ஆயிலுக்குக் கும்பிடு போடணும். முதல்ல கொஞ்சம் சத்தம் கொடுத்துச்சு. இப்ப இருக்கிற இடமே தெரியல, டீசலும் மிச்சம். மார்க்கெட்டுல எல்லார்ட்டையும் சொன்னேன், வண்டியக் கொண்டுபோனா எங்க மச்சான்ட்ட கொண்டுபோங்கடான்னு."

அண்ணனுக்கு முகமெல்லாம் பல். அப்படிச் சிரித்து நான் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது. சிரித்தபடியே வண்டியிடம் போனார். போவார் என்று எனக்குத் தெரியும். வண்டியைக் கண்டால் ஆயில் பார்க்காமல் அவரால் தாண்டமுடியாது. ஆயில் பார்க்கும் கம்பியை உருவினார். துடைத்துவிட்டுத் திரும்ப விட்டு எடுத்தார். நிறம் காட்டிக்கொடுக்காது, டீசல் வண்டியில் பத்து நாளில் எந்த ஆயிலும் கறுத்துவிடும். அவர் நுனியிலிருந்து ஒரு சொட்டைத் தொட்டு இரண்டு விரலுக்கும் நடுவில் தேய்த்தார். நிறுத்தினார். இன்னொரு சொட்டு எடுத்துத் தேய்த்தார். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் கரும்பைப் பார்த்தேன்.

"எப்படி மச்சான் இருக்கு?" என்றார் இவர்.

கம்பி நுனியில் ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது. "கெட்டியாத்தான் இருக்கு மாப்ளே" என்றார் அண்ணன்.

கை கழுவுகிறேன் என்று கொல்லைப்பக்கம் போனார். நான் பின்னாலேயே போனேன். சாக்கு விலகி, கேனின் குங்குமம் வெளியே தெரிந்தது. அதை ஓரமாக நகர்த்தக் கை வைத்தவர், கனம் பார்த்ததும் அப்படியே நின்றார். மூடியைத் திறந்தார், விரலை விட்டுத் தொட்டுப் பார்த்தார், மூடினார். மூடியை ரொம்ப நேரம் இறுக்கிக்கொண்டே இருந்தார்.

"அண்ணே" என்றேன்.

"மாப்ளே வாராரு" என்றார் மெதுவாக. என் முகத்தைப் பார்க்கவில்லை.

இவர் பின்னால் வந்து, "என்ன மச்சான் அது?" என்றார்.

"மிச்ச ஆயிலு மாப்ளே. கொஞ்சந்தான் கிடக்கு. இங்க சும்மா கிடக்கிறதுக்கு, கடையில எந்த வண்டிக்காச்சும் ஆகும். எடுத்துட்டுப் போறேன்."

சாப்பிட்டுக் கிளம்பும்போது, "வாரேன் தாயி" என்று சொல்லிவிட்டுக் கேனை வலது கையில் எடுத்தார். பத்து லிட்டர் கனம். ஒன்றரை லிட்டர் கிடக்கிற கேனைக் கொண்டுபோகிறவர் மாதிரி, கையை முன்னும் பின்னும் வீசிக்கொண்டு, கோலங்களை விலக்கி விலக்கி நடந்தார். பின்னாலேயே ஓட வேண்டும்போல் இருந்தது. பக்கத்தில் இவர் நின்றார். "தங்கமான மனுசன் பிள்ள உங்க அண்ணன். நாந்தான் புரிஞ்சுக்காமப் போயிட்டேன்" என்றார். தெருமுனை எங்கள் வீட்டிலிருந்து பதினாறு வீடு தள்ளி. அம்புட்டுத் தூரத்துக்கும் அண்ணன் கேனைக் கை மாற்றவில்லை.